அமெரிக்காவில் டிஇஏ விதிகள்: டாக்டர்கள், கிளினிக்குகள், மருந்துக்கடைகளுக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஆக்சிகோடோன் என்னும் கடும் வலிநிவாரணியின் ஒரு மாத்திரை, தொழிற்சாலையை விட்டுக் கிளம்பி நோயாளியின் கைக்குப் போய்ச் சேரும்வரை ஒரு நாள்கூடக் கணக்கில்லாமல் இருக்கக் கூடாது. 1970-ல் இயற்றப்பட்ட கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டத்தின் சாரம் இவ்வளவுதான். தயாரிப்பவர், மொத்த வியாபாரி, மருந்துக்கடை, மருத்துவமனை, டாக்டர் என்று மருந்து மாறும் ஒவ்வொரு கையும் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். கொடுத்தவர் ஏட்டில் எழுதியதும் வாங்கியவர் ஏட்டில் எழுதியதும் ஒத்துப்போக வேண்டும். இதைக் கண்காணிப்பது 1973-ல் தொடங்கப்பட்ட டிஇஏ என்னும் போதைப்பொருள் அமலாக்க அமைப்பு.

டிஇஏ என்றதும் கடத்தல்காரர்கள் நினைவுக்கு வருவது இயல்பு. கிளினிக்குக்கு வருபவர்களோ அதன் டைவர்ஷன் பிரிவினர். மருந்து நேர்வழியிலிருந்து கள்ளவழிக்குத் திரும்புவதைத்தான் டைவர்ஷன் என்கிறார்கள். அவர்கள் வந்ததும் கேட்பது பதிவேடு, பில், இருப்புப் பட்டியல். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் இவர்களிடம் சிக்குவது கெட்ட எண்ணத்தால் அல்ல. பெரும்பாலும் கணக்கு உதைப்பதால். அதனால் இந்த வழிகாட்டியில் கணக்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள்: கீழே உள்ளவை மத்திய விதிகள். உங்கள் மாநில விதி இன்னும் கடுமையாக இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

1. எந்த மருந்து எந்த ஷெட்யூலில்?

கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கும் பட்டியல்தான் ஷெட்யூல். மொத்தம் ஐந்து ஷெட்யூல்கள். இந்தியாவின் ஷெட்யூல் எச், எக்ஸ் பட்டியல்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அடிப்படையே வேறு. ஹெராயின், எல்எஸ்டி போன்றவை முதல் ஷெட்யூலில் உள்ளன. அவற்றுக்கு மருந்துச்சீட்டே எழுத முடியாது. இரண்டாவதில் ஆக்சிகோடோன், ஃபென்டனில், மெதடோன், ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் ஆம்ஃபெட்டமின், மெத்தில்ஃபெனிடேட். மூன்றாவதில் கெட்டமின், டெஸ்டோஸ்டிரோன், புப்ரெனார்ஃபின். நான்காவதில் அல்ப்ராசோலம், டயாசெபம், சோல்பிடெம், டிராமடால். ஐந்தாவதில் ப்ரிகேபலின் முதலானவை.

மருந்துகள் ஷெட்யூல் மாறுவதும் உண்டு. 2014 ஆகஸ்டில் டிராமடால் நான்காவதுக்குள் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹைட்ரோகோடோன் கலவை மாத்திரைகள் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு ஏறின. அப்படி மாறும் நாளில் கையிருப்பை எண்ணி எழுதிவைக்க வேண்டும். கணினியில் மருந்தின் குறியீட்டை மட்டும் மாற்றிவிட்டு எண்ணாமல் விடுவது பலர் செய்யும் தவறு.

2. பதிவு எடுப்பது

வரிசை முக்கியம். முதலில் மாநில மருத்துவ லைசென்ஸ். இல்லினாய், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் அதற்கு மேல் மாநில அளவிலான கட்டுப்பாட்டு மருந்துப் பதிவும் வேண்டும். இவை கைக்கு வந்த பிறகே டிஇஏவின் இணையதளத்தில் ஃபார்ம் 224 என்னும் பதிவு விண்ணப்பம். டாக்டர், மருந்துக்கடை, மருத்துவமனை, கிளினிக் எல்லாவற்றுக்கும் இதே ஃபார்ம்தான். கட்டணம் மூன்று ஆண்டுகளுக்கு 888 டாலர். மொத்த வியாபாரிகளுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஃபார்ம் 225. அவர்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

2023 ஜூன் 27 முதல், மருந்து எழுதுபவர்கள் போதைப்பழக்கச் சிகிச்சை பற்றி எட்டு மணிநேரப் பயிற்சி முடித்ததாக ஒரே ஒருமுறை உறுதி கூற வேண்டும். போதைப்பழக்கச் சிகிச்சைக்குப் புப்ரெனார்ஃபின் எழுத முன்பு தேவைப்பட்ட எக்ஸ்-வெய்வர் என்னும் தனி அனுமதி 2022 டிசம்பர் இறுதியில் வந்த சட்டத்தோடு ஒழிந்துவிட்டது. இப்போது மூன்றாவது ஷெட்யூலுக்கான பதிவு இருந்தால் போதும்.

விண்ணப்பத்தில், கடந்த காலத்தில் உங்கள் லைசென்ஸ் நிறுத்தப்பட்டதா, கட்டுப்படுத்தப்பட்ட மருந்து தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றீர்களா என்று சில கேள்விகள் வரும். பழைய விவகாரம் ஒன்று இருந்தால் 'ஆம்' என்று போட்டு விளக்கம் எழுதுங்கள். பல நேரம் அந்தப் பழைய விவகாரத்தைவிட, அதை மறைத்து 'இல்லை' என்று போட்டதுதான் பதிவைக் காவு வாங்குகிறது. பொய்த் தகவல் கொடுத்தது ஒன்றே பதிவை ரத்து செய்யப் போதுமான காரணம்.

முகவரி விஷயத்தில் கவனம் தேவை. மருந்தை வைத்திருக்கும், ஊசியாகப் போடும், கையில் கொடுக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பதிவு வேண்டும். அதே மாநிலத்தில் இன்னொரு கிளினிக்கில் சீட்டு மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் தனிப் பதிவு தேவையில்லை. வேறு மாநிலம் என்றால் அங்கே தனியாக எடுக்க வேண்டும். கிளினிக் இடம் மாறினால், டிஇஏ ஒப்புதல் வந்த பிறகே மருந்து புது இடத்துக்குப் போகலாம். சாமான்களோடு சாமானாக லாரியில் ஏற்றிவிட்டு, பிறகு முகவரி மாற்ற விண்ணப்பிப்பது விதிமீறல்.

தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்து இங்கே ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சியில் இருப்பவர்கள், மருத்துவமனை அனுமதித்தால் அதன் டிஇஏ எண்ணோடு தங்களுக்கென்று தரப்படும் உட்குறியீட்டைச் சேர்த்து எழுதலாம். அது அந்த மருத்துவமனை வேலைக்கு மட்டும். வெளியே பகுதிநேரமாக வேறு கிளினிக்கில் உட்கார்ந்தால் அந்த எண் செல்லாது.

புதுப்பித்தலைத் தவறவிட்டால் காலாவதியான நாளிலிருந்து ஒரு காலண்டர் மாதம்வரை பழைய எண்ணையே மீட்கலாம். அதன் பிறகு புது விண்ணப்பம், புது எண். அந்த ஒரு மாதத்தில்கூட, புதுப்பித்து முடியும்வரை கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைத் தொடக் கூடாது. நினைவூட்டல் மின்னஞ்சலில் மட்டுமே வருகிறது. வேலையை விட்டுப்போன மேனேஜரின் மின்னஞ்சல் முகவரி பதிவில் இருந்தால் யாருக்குமே தெரியாமல் பதிவு செத்துவிடும்.

எண்ணைச் சரிபார்க்க ஒரு சிறு கணக்கு உண்டு. டிஇஏ எண்ணில் இரண்டு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். இலக்கங்கள் 1234563 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, மூன்று, ஐந்தாம் இலக்கங்களைக் கூட்டினால் 9. இரண்டு, நான்கு, ஆறாம் இலக்கங்களைக் கூட்டி இரட்டித்தால் 24. இரண்டும் சேர்ந்து 33. அதன் கடைசி இலக்கமான 3 ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் சீட்டு போலி, அல்லது எழுத்துப் பிழை. பொருந்தினால் மட்டும் நம்பிவிடாதீர்கள். கள்ளச்சீட்டு எழுதுபவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

3. சரக்கு யாருடைய பெயரில் இருக்கிறது?

கிளினிக்கில் மருந்தே வைக்காமல் சீட்டு மட்டும் எழுதுபவருக்கு இருப்புக் கணக்கும் இல்லை, பூட்டிய அலமாரியும் தேவையில்லை. ஆகவே தேவையில்லாமல் சரக்கு வைக்காதீர்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

வைத்தே ஆக வேண்டும் என்றால், அது யாருடைய பதிவின் கீழ் வாங்கப்பட்டது என்பதைத் தெளிவாக வையுங்கள். நான்கு டாக்டர்கள் உள்ள கிளினிக்கில் ஒருவரின் எண்ணில் கெட்டமின் வாங்கி எல்லாரும் பயன்படுத்துவது சாதாரணமாக நடக்கிறது. கணக்குக் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த ஒருவர். அவர் வேலையை விட்டாலோ இறந்தாலோ அந்தச் சரக்கைச் சட்டப்படி வைத்திருக்க அங்கே யாருக்கும் உரிமை இல்லாமல் போகும். மாநிலம் அனுமதித்தால் கிளினிக்கின் பெயரிலேயே பதிவு எடுப்பது நல்லது.

மருந்துக்கடையை விலைக்கு வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கடையோடு பதிவு கைமாறாது. சரக்கைக் கைமாற்றும் நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக விற்பவர் டிஇஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். கைமாறும் அன்று எடுக்கும் இருப்புப் பட்டியல்தான் விற்பவருக்குக் கடைசிக் கணக்கு, வாங்குபவருக்கு முதல் கணக்கு. இரண்டாவது ஷெட்யூல் மருந்துகளுக்கு ஃபார்ம் 222 என்னும் ஆர்டர் தாளும் வேண்டும்.

பாதுகாப்பு எளிது: உறுதியான, பூட்டு உள்ள அலமாரி. மருந்துக்கடையும் மருத்துவமனையும், திருடன் எளிதில் கண்டுபிடிக்காதபடி மற்ற மருந்துகளோடு கலந்தும் அடுக்கலாம். சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கட்டும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்து தொடர்பான பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவரையோ, டிஇஏ பதிவு ரத்தானவரையோ இந்த மருந்துகளைத் தொடும் வேலையில் வைக்க டிஇஏவின் விலக்கு வேண்டும். ஆள் எடுக்கும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

4. வாங்குவதும் பெறுவதும்: ஃபார்ம் 222

இரண்டாவது ஷெட்யூல் மருந்தை வாங்க ஃபார்ம் 222 அல்லது அதன் மின்வடிவமான சிஎஸ்ஓஎஸ் வேண்டும். பழைய மூன்று தாள் கார்பன் ஃபார்ம் 2021 அக்டோபர் 30-க்குப் பிறகு செல்லாது. இப்போது ஒற்றைத் தாள். அதில் 20 வரிகள். ஒரு வரிக்கு ஒரு மருந்து: எத்தனை பேக், ஒரு பேக்கில் எவ்வளவு, மருந்தின் பெயர். கடைசியாக எத்தனை வரி நிரப்பினீர்கள் என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. அதை விட்டுவிட்டால் ஃபார்ம் திரும்பி வரும். அடித்து எழுதினாலும் அப்படியே. தவறினால் அந்தத் தாளை 'வாய்ட்' (செல்லாது) என்று குறித்து கோப்பில் வைத்துவிட்டு வேறு தாள் எடுங்கள். கிழித்துப் போடாதீர்கள், ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண் இருக்கிறது.

அனுப்பும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் விற்பவருக்கு, நகல் உங்களுக்கு. கையெழுத்திட்ட 60 நாளுக்குப் பிறகு அந்த ஃபார்மை வைத்து விற்பவர் சரக்கு தர முடியாது. பதிவுக்குரியவர் தவிர வேறு யார் கையெழுத்திட்டாலும் அவருக்கு எழுத்து மூலம் அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது சரக்கு வந்த பிறகு. உங்கள் நகலில் 'எத்தனை வந்தது, எந்தத் தேதியில்' என்ற இரண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும். ஐந்து கேட்டு மூன்றுதான் வந்தது என்றால் மூன்று என்று எழுதுங்கள். இந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் ஒவ்வொரு ஃபார்மும் தனித்தனி மீறலாக எண்ணப்படலாம். மூன்று முதல் ஐந்து வரையிலான ஷெட்யூல்களுக்கு பில் போதும். அதன் மேல் சரக்கு வந்த தேதியைக் கையால் எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள்.

கூரியர்காரர் அவசரப்படுத்தினாலும் பெட்டிகளை எண்ணாமல் கையெழுத்திடாதீர்கள். வழியில் காணாமல் போனதற்கு அனுப்பியவர் பொறுப்பு. நீங்கள் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட பிறகு குறைவது தெரிந்தால், புகாரளிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

இன்னொரு பொறி: 'கிளினிக் உபயோகத்துக்கு' என்று மருந்துச்சீட்டு எழுதிப் பக்கத்து மருந்துக்கடையில் வாங்குவது. சீட்டு நோயாளிக்கு மட்டுமே. கிளினிக்குக்கு பில் அல்லது ஃபார்ம் 222 வழியாகத்தான் வர வேண்டும். மருந்துக்கடை இப்படி மற்ற பதிவுதாரர்களுக்குக் கொடுப்பதும், ஓர் ஆண்டில் அது வெளியே தரும் மொத்த அளவில் ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீறினால் அது மொத்த வியாபாரி ஆகிவிடும். தனிப் பதிவு தேவைப்படும்.

5. இருப்புக் கணக்கு

சரக்கு வைக்கத் தொடங்கும் நாளில் முதல் இருப்புப் பட்டியல். ஒன்றுமே இல்லாவிட்டாலும் 'பூஜ்யம்' என்று எழுதித் தேதியிட வேண்டும். பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. வேலை தொடங்கும் முன்பா, முடிந்த பின்பா எண்ணினீர்கள் என்பதைப் பட்டியலிலேயே குறிக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தைதான். அது இல்லாததால் குறை எழுதப்பட்ட பட்டியல்கள் ஏராளம். இரண்டாவது ஷெட்யூலை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். மூன்று முதல் ஐந்து வரை, திறந்த டப்பா ஆயிரத்துக்கு மேல் கொள்ளாத அளவு என்றால் உத்தேச மதிப்பீடு போதும். இருந்தாலும் எண்ணிவிடுங்கள், பத்து நிமிட வேலை. ஆவணங்களை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். இரண்டாவது ஷெட்யூல் ஏடு மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

விதி இரண்டு ஆண்டு என்றாலும், ஊசி மருந்து வைத்திருக்கும் கிளினிக் மாதம் ஒருமுறை எண்ண வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆய்வாளர் போடும் கணக்கை நீங்களே முன்கூட்டிப் போட்டுப் பாருங்கள். கெட்டமின் குப்பிகள் தொடக்கத்தில் 40, வந்தது 60, நோயாளிகளுக்குப் பயன்பட்டதாக ஏட்டில் 82, காலாவதியாகித் திருப்பி அனுப்பியது 6 என்று வைத்துக்கொள்வோம். அலமாரியில் 12 இருக்க வேண்டும். இருப்பது 10. திருட்டு என்று முடிவுகட்டும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: அவசரத்தில் போட்ட ஊசி நோயாளியின் கோப்பில் இருந்து ஏட்டில் ஏறாமல் இருக்கலாம், உடைந்த குப்பியை யாராவது எழுதாமல் வீசியிருக்கலாம், காலாவதியான குப்பி வேறு டிராயரில் கிடக்கலாம். கூடுதலாக இருந்தாலும் மகிழ வேண்டாம். 14 இருந்தால், ஏட்டில் போட்டதாக எழுதிய இரண்டு ஊசிகள் போடப்படவே இல்லை என்று ஆகலாம்.

ஊசி போட்டபின் குப்பியில் மிஞ்சுவதுதான் திருட்டுக்கு வசதியான இடம். 10 மில்லியில் 6 போட்டால் மீதி 4 எங்கே போனது என்று எழுத வேண்டும். இரண்டு பேர் முன்னிலையில் கொட்டி, இருவரும் அப்போதே கையெழுத்திடட்டும். மாலையில் மொத்தமாகக் கையெழுத்துப் போடும் பழக்கத்தை முதல் நாளே ஒழியுங்கள். பெரிய மருத்துவமனைகளும் பட்டுக் கற்ற பாடம்தான் இது: ஊழியர்கள் மருந்து திருடிய விவகாரத்தில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை 2015-ல் 23 லட்சம் டாலரும், மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை அமைப்பு 2018-ல் 43 லட்சம் டாலரும் கொடுத்துச் சமரசம் செய்தன.

6. காணாமல் போனால், காலாவதியானால்

திருட்டோ குறிப்பிடத்தக்க இழப்போ தெரிந்தால், தெரிந்த நேரத்திலிருந்து ஒரு வேலைநாளுக்குள் டிஇஏவின் உங்கள் பகுதி அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். இழப்பு அறிக்கையான ஃபார்ம் 106-ஐ இணையத்தில் 45 நாளுக்குள் நிரப்ப வேண்டும். முதல் தகவலில் எல்லா விவரமும் இருக்க வேண்டியதில்லை. 'விசாரித்து முடித்துவிட்டுச் சொல்லலாம்' என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுவதுதான் தனி மீறலாகிறது.

குப்பி உடைந்து மருந்து சிந்தினால் அது இழப்பு அல்ல. மீட்க முடியாததைச் சாட்சியோடு ஏட்டில் எழுதுங்கள். காலாவதியானதை ரிவர்ஸ் டிஸ்ட்ரிப்யூட்டர் எனப்படும் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இரண்டாவது ஷெட்யூல் என்றால் அவர்கள் உங்களுக்கு ஃபார்ம் 222 தர வேண்டும். இறந்துபோன நோயாளியின் வீட்டார் மிச்ச மார்ஃபின் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினால் மனம் இளகும். வாங்காதீர்கள். சேகரிப்பாளர் என்று தனி அனுமதி பெற்ற மருந்துக்கடையின் பெட்டிக்கோ காவல் நிலையப் பெட்டிக்கோ வழிகாட்டுங்கள்.

7. சீட்டு எழுதுவதும் மருந்து கொடுப்பதும்

நியாயமான மருத்துவக் காரணத்துக்காக, வழக்கமான மருத்துவத் தொழிலின் போக்கில் எழுதிய சீட்டு மட்டுமே சீட்டு. எழுதிய டாக்டருக்கு முதல் பொறுப்பு. கொடுக்கும் மருந்தாளுநருக்கும் இணையான பொறுப்பு உண்டு. 'டாக்டர் எழுதினார், நான் கொடுத்தேன்' என்பது பதிலாகாது. நூறு மைல் தள்ளியிருந்து வருவது, காப்பீடு இருந்தும் ரொக்கம் கொடுப்பது, ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), பென்சோடயசெபைன் (டயாசெபம் போன்ற பதற்ற மருந்து), கரிசோபுரோடால் (தசை தளர்த்தும் மருந்து) மூன்றும் ஒரே சீட்டில் வருவது, ஒரே டாக்டரிடமிருந்து எல்லாருக்கும் ஒரே அளவு வருவது எல்லாம் எச்சரிக்கை மணிகள். மணி அடித்தால் டாக்டரை அழைத்து, என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று சீட்டோடு சேர்த்து எழுதிவையுங்கள். எழுதாத விசாரணை நடக்காத விசாரணை.

இரண்டாவது ஷெட்யூலுக்கு ரீஃபில், அதாவது அதே சீட்டில் மறுபடி மருந்து வாங்குவது, கிடையாது. ஆனால் ஒரே நாளில் பல சீட்டுகள் எழுதி, ஒவ்வொன்றிலும் 'இந்தத் தேதிக்கு முன் கொடுக்கக் கூடாது' என்று குறித்து, 90 நாள் வரை கொடுக்கலாம். எல்லாச் சீட்டிலும் கையெழுத்திட்ட நாளின் தேதிதான் இருக்க வேண்டும். வரப்போகும் தேதியைப் போட்டு எழுதுவது விதிமீறல். மூன்று, நான்காவது ஷெட்யூல்களுக்கு ஆறு மாதத்துக்குள் ஐந்து ரீஃபில். நெருக்கடியில் இரண்டாவது ஷெட்யூலை தொலைபேசியில் சொன்னால் ஏழு நாளுக்குள் எழுத்துச் சீட்டு கடைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மின்சீட்டுக்கு இரட்டை அடையாளச் சரிபார்ப்பு தேவை. அதற்காக டாக்டருக்குத் தரப்படும் டோக்கன் கருவியை உதவியாளரிடம் கொடுத்து 'எல்லாவற்றையும் அனுப்பிவிடு' என்பது, கையெழுத்திட்ட வெற்றுத் தாளைக் கொடுப்பதற்குச் சமம். காணொளி வழியே பார்த்த நோயாளிக்கு எழுதுவதற்கு 2008-ன் ரையன் ஹெய்ட் சட்டம் நேரடிப் பரிசோதனையைக் கேட்கிறது. கோவிட் காலத்தில் கொடுத்த தளர்வு தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்தத் தளர்வை நம்பி வியாபாரம் தொடங்குபவர்கள் நடப்புத் தவணை முடியும் தேதியைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.

2022-ல் ருவான் என்ற டாக்டரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அனுமதியற்ற முறையில் எழுதுகிறோம் என்று தெரிந்தோ வேண்டுமென்றோ டாக்டர் எழுதினார் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது குற்ற வழக்குக்கு. பதிவை ரத்து செய்யும் நிர்வாக நடவடிக்கையில் அதே கேடயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

8. மொத்த வியாபாரிகள்

வழக்கத்துக்கு மாறான அளவு, வழக்கத்துக்கு மாறான வேகம், பழைய போக்கிலிருந்து விலகல் என்று தெரியும் ஆர்டரைக் கண்டுபிடித்து டிஇஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பதோடு முடியாது, சந்தேகம் தீராமல் சரக்கை அனுப்பவும் கூடாது. இந்தக் கடமையில் தவறியதாக எழுந்த குற்றச்சாட்டில் மெக்கெசன் என்ற மொத்த மருந்து நிறுவனம் 2017-ல் 15 கோடி டாலர் கொடுத்தது.

இதன் சுமை கடைக்காரர்மேல் விழுகிறது. மருந்துக்கடை இவ்வளவுதான் வாங்கலாம் என்று டிஇஏ வரம்பு வைப்பதில்லை. வரம்பு வைப்பது மொத்த வியாபாரி. பக்கத்தில் புற்றுநோய் மையம் திறந்து ஓபியாய்டு தேவை கூடினால், ஆர்டர் நின்ற பிறகு மன்றாடாமல், முன்கூட்டியே அந்த மையத்தின் விவரத்தோடு கடிதம் அனுப்பி வரம்பை உயர்த்தக் கேளுங்கள். வலியோடு காத்திருப்பவருக்கு உங்கள் கடிதப் போக்குவரத்தைப் பற்றித் தெரியாது.

9. ஆய்வாளர் வந்தால்

அடையாள அட்டையும் ஃபார்ம் 82 என்ற ஆய்வு அறிவிப்பும் காட்டுவார்கள். சம்மதிக்கலாம், மறுத்தால் நிர்வாக ஆய்வு வாரன்ட் வாங்கி வருவார்கள். பொதுவாகச் சம்மதித்து, ஒருவரைக் கூடவே நிறுத்தி, எடுத்துச்செல்லும் ஒவ்வொரு தாளுக்கும் ரசீது வாங்குங்கள். மனப்பாடமாகப் பதில் சொல்லாதீர்கள். தெரியாததை 'பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லலாம். தொலைபேசியில் டிஇஏ அதிகாரி என்று சொல்லி அபராதம் கட்டச் சொல்பவர் மோசடிக்காரர். டிஇஏ அப்படிப் பணம் கேட்பதில்லை.

மீறல் ஒன்றுக்குச் சட்டம் எழுதியபோது அதிகபட்ச உரிமையியல் அபராதம் 25,000 டாலர்; பணவீக்கத் திருத்தத்தால் இன்று அது மும்மடங்குக்கு மேல். நூறு சீட்டு என்றால் நூறு மீறல் என்று பெருக்கிக்கொள்ளுங்கள். கணக்கு வைப்பதில் உள்ள தவறுகளுக்கு உச்சவரம்பு இதைவிடக் குறைவு.

மேசைமேல் ஃபார்ம் 104 வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். பதிவைத் 'தானாக முன்வந்து' ஒப்படைக்கும் தாள் அது. கையெழுத்திட்ட கணமே பதிவு போய்விடும். திரும்பப் பெறப் புதிதாக விண்ணப்பித்துப் போராட வேண்டும். அடுத்து மாநில மருத்துவக் கவுன்சில், காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை என்று ஒவ்வொருவரும் அதைப் பற்றிக் கேட்பார்கள். கையெழுத்திட மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் டிஇஏ காரணம் கேட்கும் ஆணை அனுப்பி, குற்றச்சாட்டை எழுத்தில் வைக்க வேண்டும். உடனடி ஆபத்து என்று கருதினால் மட்டுமே விசாரணைக்கு முன் பதிவை நிறுத்திவைக்க முடியும். காரணம் கேட்கும் ஆணை வந்தால் 30 நாளுக்குள் விசாரணை கோரி எழுத வேண்டும். ஆணை கைக்கு வந்த தேதியை உறைமேலேயே எழுதி, அன்றே இத்துறை தெரிந்த வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.